ரோமானிய ஊர்கள் எப்படி இருந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமானிய ஊர் என்றதும் பலருக்கும் கொலோசியமும் பளிங்குத் தூண்களும்தான் நினைவுக்கு வரும். அவை தலைநகரின் ஆடம்பரங்கள். பேரரசு முழுக்கப் பரவியிருந்த ஊர்களில் பெரும்பாலானவை சில ஆயிரம் பேர் வாழ்ந்த சின்ன ஊர்கள். அப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. உதாரணங்களைப் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து எடுத்திருக்கிறேன்: கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய், அல்ஜீரியாவில் மணல் மூடியதால் தப்பிய திம்காத், ரோமின் துறைமுகமாக இருந்த ஓஸ்தியா.

பாடப்புத்தகங்கள் இந்த ஊர்களின் நேரான தெருக்களைத்தான் பெரிதாகப் பேசும். எனக்கென்னவோ, தண்ணீர் எங்கிருந்து வந்து எந்த வழியாகப் போனது என்று பார்த்தால்தான் இவை பிடிபடும் என்று தோன்றுகிறது. அதனால் தண்ணீர் சம்பந்தப்பட்ட பதில்கள் கொஞ்சம் நீளம்.

எல்லா ரோமானிய ஊர்களிலும் தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி நேராக இருந்தனவா?

இல்லை. ரோம் நகரமே அப்படி இல்லை. குன்றுகளுக்கும் பள்ளங்களுக்கும் நடுவே தன்போக்கில் வளர்ந்த ஊர் அது. சந்துகள் வளைந்து நெளிந்து போகும்.

கட்டம் போட்ட ஊர் வேண்டுமென்றால் திம்காத்தைப் பார்க்க வேண்டும். பேரரசர் டிராஜன் சுமார் கி.பி. 100-இல், மூன்றாம் அகஸ்டா படைப்பிரிவில் பணி முடித்த வீரர்களுக்காக வெற்று நிலத்தில் உருவாக்கிய ஊர். ஒரு பக்கம் சுமார் 350 மீட்டர் உள்ள சதுரம். அதற்குள் சின்னச் சின்னச் சதுர மனைகள், நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பெரிய சாலைகள். வடக்கு தெற்காகப் போவது கார்டோ, கிழக்கு மேற்காகப் போவது டெகுமானுஸ் என்று தொல்லியல் நூல்களில் படிப்பீர்கள்.

ஆனால் திம்காத்தின் வரைபடத்தில் சதுரத்துக்கு வெளியேயும் பாருங்கள். ஊர் பெருகியதும் வீடுகள் சதுரத்தைத் தாண்டிவிட்டன. பெரிய குளியல் மண்டபங்களும், ஊரின் முதன்மைக் கோயிலான கேப்பிடோலியமும்கூட வெளியேதான் எழுந்தன. அங்கே தெருக்கள் இஷ்டத்துக்குத் திரும்புகின்றன. அரசாங்கம் போட்ட கோடு ஒன்று, மக்கள் குடியேறிய விதம் வேறு.

பொம்பேய் இரண்டுக்கும் நடுவே. அது ரோமானியர்கள் தொடங்கிய ஊரே அல்ல. ஆஸ்கன், சாம்னைட் மக்கள் வாழ்ந்த பழைய ஊர். சுல்லா என்ற தளபதி கி.மு. 80-இல் தன் படைவீரர்களை அங்கே குடியேற்றிய பிறகுதான் அது ரோமானியக் குடியேற்ற ஊரானது. ஊரின் தென்மேற்கு மூலையில் பழைய கோணல் தெருக்கள். மற்ற பகுதிகளில் ஓரளவு ஒழுங்கான மனைகள்.

புதிய ஊரை எப்படி அளந்து தொடங்கினார்கள்?

நில அளவையாளர்களிடம் குரோமா என்ற கருவி இருந்தது. ஒரு கம்பத்தின் மேல் சிலுவை வடிவச் சட்டம். அதன் நான்கு முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டு கட்டிய நூல்கள் தொங்கும். எதிரெதிர் நூல்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் நேர்க்கோடு கிடைக்கும். மற்ற இரண்டு நூல்கள் செங்கோணம் தரும். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஊரை மட்டுமல்ல, சுற்றியுள்ள வயல்களையும் பக்கத்துக்கு சுமார் 710 மீட்டர் உள்ள சதுரங்களாகப் பிரித்தார்கள். வட இத்தாலியின் போ சமவெளியை விமானத்திலிருந்து பார்த்தால் அந்தச் சதுரங்கள் வாய்க்கால்களாகவும் பாதைகளாகவும் இன்றும் தெரிகின்றன.

அளவையோடு சடங்கும் உண்டு. காளையையும் பசுவையும் சேர்த்துப் பூட்டி, வெண்கலக் கொழு வைத்த ஏரால் ஊர் எல்லையைச் சுற்றி உழுவார்கள். வாசல் வரவேண்டிய இடத்தில் ஏரைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடுவார்கள். உழுத கோடு புனிதமானது என்பதால், ஆட்கள் நடந்துபோகும் வழியில் அது இருக்கக் கூடாது.

ஃபோரம் என்பது சந்தையா, அரசு அலுவலகமா, கோயிலா?

மூன்றும் ஒரே இடத்தில். பொம்பேயின் ஃபோரம் நீள்சதுரத் திறந்தவெளி. வடக்கு முனையில் ஜூபிடர் கோயில். தென்மேற்கில் பசிலிக்கா, வழக்கு விசாரணையும் வியாபார ஒப்பந்தங்களும் நடந்த பெரிய மண்டபம். வடகிழக்கில் மாக்கெல்லம் என்ற இறைச்சி, மீன் சந்தை. அதன் நடுவே மீன் முட்களும் செதில்களும் கிடைத்தன. ஃபோரத்தின் பக்கவாட்டில் ஒரு கல்மேசையில் வெவ்வேறு அளவுக் குழிகள் வெட்டியிருக்கிறார்கள். தானியமோ எண்ணெயோ வாங்கியவர் கடைக்காரரின் அளவு சரிதானா என்று அங்கே ஊற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

கிழக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கட்டடத்தை ஊருக்குக் கட்டித் தந்தவர் யூமாக்கியா என்ற பெண். பொதுப் பூசாரி, பணக்காரக் குடும்பம். பெண்களுக்கு ஓட்டுரிமையோ பதவியோ இல்லாத ஊரில், ஊர் நடுவே அவர் பெயர் கல்லில் பெரிய எழுத்தில் நின்றது.

ஃபோரத்துக்குள் வண்டி வர முடியாது. நுழையும் வழிகளில் கற்களை நட்டு அடைத்திருந்தார்கள்.

தெருவுக்கு நடுவே அந்தப் பெரிய கற்கள் எதற்கு?

பொம்பேய் படங்களைப் பார்த்தவர்கள் தவறாமல் கேட்பது இதைத்தான். ஒரு நடைபாதையிலிருந்து எதிர் நடைபாதைக்குக் கால் நனையாமல் தாண்டிப் போவதற்கான கற்கள் அவை. ஊரில் நிலத்தடிச் சாக்கடை மிகக் குறைவு. ஃபோரம், குளியல் மண்டபங்கள் பக்கம் மட்டும் கொஞ்சம் இருந்தது. மற்றபடி மழைத் தண்ணீர், நீர்த்தொட்டிகளிலிருந்து வழிந்த தண்ணீர், வீட்டுக் கழிவு எல்லாமே தெருவில்தான் ஓடின. ஊர் சரிவான நிலத்தில் இருந்ததால் தெருவே வாய்க்காலாக வேலை செய்தது. அதனால்தான் நடைபாதைகளும் அவ்வளவு உயரம். கற்களுக்கு நடுவே விட்ட இடைவெளியில் வண்டிச் சக்கரங்கள் போகும்.

எரிமலைப் பாறையால் தளம் போட்ட தெருக்களில் வண்டித் தடங்கள் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. சக்கரம் உரசித் தேய்ந்த ஓரக்கற்களை ஆராய்ந்தவர்கள், பல தெருக்கள் ஒருவழிப் பாதையாக இருந்தன என்று காட்டியிருக்கிறார்கள். தெருப் பெயர்ப் பலகைகளைத் தேடாதீர்கள். இன்று வழங்கும் தெருப் பெயர்கள் பின்னால் வைத்தவை. ஊரை ஒன்பது வட்டாரங்களாகப் பிரித்து, மனைக்கும் வாசலுக்கும் எண் கொடுத்தவர் 19-ஆம் நூற்றாண்டில் அகழாய்வை நடத்திய ஜூசெப்பே ஃபியொரெல்லி.

ஊருக்குத் தண்ணீர் எப்படி வந்தது?

முதலில் கிணறும் மழைநீரும்தான். வெளியூர் ஊற்றிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தது பிறகு. ரோமுக்கு முதல் கால்வாய் கி.மு. 312-இல் வந்தது, ஐந்து நூற்றாண்டுகள் கழித்து மொத்தம் பதினொன்று இருந்தன. பொம்பேய்க்கு முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில்தான் அந்த வசதி கிடைத்தது.

கால்வாய் என்றதும் வளைவு வளைவாக நிற்கும் உயரமான பாலங்கள்தான் கண்ணில் நிற்கும். உண்மையில் பெரும்பகுதி நிலத்துக்கடியிலோ நிலமட்டத்திலோ ஓடிய மூடிய கால்வாய்தான். பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் மட்டும் பாலம். தெற்கு பிரான்சின் நீம் நகருக்குத் தண்ணீர் போன கால்வாய் சுமார் 50 கிலோமீட்டர் நீளம். அதில் கார்டோன் ஆற்றைக் கடக்கும் இடத்தில் நிற்கிறது போன் து கார் பாலம். சுமார் 49 மீட்டர் உயரம், மூன்றடுக்கு வளைவுகள். எல்லோரும் பாலத்தைப் பார்த்து வியப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சாதனையாகப் படுவது, அந்த 50 கிலோமீட்டருக்கும் தண்ணீர் இறங்கிய மொத்த உயரம் பதின்மூன்று மீட்டருக்கும் குறைவு என்பதுதான். எந்த இயந்திரமும் கிடையாது, சரிவு ஒன்றுதான் தண்ணீரைத் தள்ளியது.

பொம்பேயில் தண்ணீர் வந்து சேர்ந்த இடம் ஊரிலேயே மேடான வெசூவியஸ் வாசல். அங்கே இன்றும் நிற்கும் செங்கல் கட்டடத்துக்குள் தண்ணீர் மூன்றாகப் பிரிந்தது. அங்கிருந்து ஈயக் குழாய்களில் இறங்கித் தெருமுனைகளில் இருந்த நீர்க்கோபுரங்களுக்குப் போனது. சுமார் ஆறு மீட்டர் உயரத் தூண். உச்சியில் ஈயத் தொட்டி. மேட்டிலிருந்து நேராக இறக்கினால் பள்ளத்துத் தெருக்களில் அழுத்தம் தாங்காமல் குழாய் வெடிக்கும். ஒவ்வொரு கோபுரத்திலும் ஏறி இறங்கும்போது அழுத்தம் அந்த இடத்துக்குத் தேவையான அளவுக்குக் குறைந்துவிடும். எளிமையான ஏற்பாடு.

அப்புறம் தெருக் குழாயடிகள். நாற்பதுக்கும் மேற்பட்டவை இருந்தன. நான்கு கற்பலகைகளைச் சேர்த்த தொட்டி, அதன்மேல் முகம் செதுக்கிய கல், அதன் வாயிலிருந்து தண்ணீர். பெரும்பாலான மக்களுக்குத் தண்ணீர் என்றால் இதுதான். வீட்டுக்குள் குழாய் இழுத்துக்கொண்டவர்கள் வசதிக்காரர்கள். சில தொட்டிகளின் விளிம்பில் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருக்கும். குனிந்து தண்ணீர் பிடித்தவர்களின் கை ஊன்றிய இடம்.

கி.பி. 62-இல் வந்த நிலநடுக்கம் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிட்டது. வெசூவியஸ் வெடித்த நாளில்கூடப் பல தெருக்களில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளங்கள் மூடப்படாமல் கிடந்தன.

ஈயக் குழாய்த் தண்ணீரைக் குடித்துத்தான் ரோம் அழிந்தது என்கிறார்களே?

மிகைப்படுத்தல். ஈயம் கெடுதல் என்பது அவர்களுக்கே தெரியும். கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஈயத்தைவிட மண் குழாய் நல்லது என்று எழுதினார். ஈயம் உருக்கும் தொழிலாளிகளின் வெளிறிய முகத்தை அதற்குச் சான்றாகக் காட்டினார். ஆனால் பெரும்பாலான இடங்களில் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அது குழாயின் உட்புறம் படிந்து பூச்சுபோல் ஆகிவிடும். தண்ணீரும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் ஈயம் உடம்பில் சேர்ந்திருக்கும். பேரரசு சரிந்ததற்கு அதைக் காரணம் காட்டுவது வேறு.

பொதுக் குளியல் மண்டபத்தில் என்ன நடக்கும்?

குளிப்பது அதில் ஒரு பகுதிதான். உடற்பயிற்சி, அரட்டை, வியாபாரப் பேச்சு, சாப்பாடு எல்லாம் அங்கேதான்.

உள்ளே போனதும் உடை மாற்றும் அறை. சுவரில் துணி வைக்க மாடங்கள். பிறகு வெதுவெதுப்பான அறை, அடுத்து வெந்நீர் அறை, கடைசியில் குளிர்ந்த நீர்த் தொட்டி. வரிசை ஆளுக்கு ஆள் மாறும். சோப்பு கிடையாது. உடம்பில் எண்ணெய் தேய்த்து, ஸ்ட்ரிஜில் என்ற வளைந்த உலோகக் கருவியால் அழுக்கோடு வழித்து எடுப்பார்கள்.

சூடு வந்த விதம் சுவாரசியமானது. தரையைக் குட்டையான செங்கல் தூண்களின் மேல் நிறுத்தி, கீழே காலியிடம் விட்டிருந்தார்கள். பக்கத்து உலையிலிருந்து அனல் அந்தக் காலியிடத்தில் பரவி, சுவருக்குள் பதித்த உள்ளீடற்ற மண் குழாய்கள் வழியாக மேலே ஏறும். தரையும் சுவரும் சேர்ந்து சூடாகும். பொம்பேயின் ஸ்டேபியன் குளியல் மண்டபத்தில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரே உலை வைத்து இரண்டையும் சூடாக்கினார்கள்.

எல்லா ஊரிலும் இரண்டு பகுதிகள் கட்டப் பணம் இருக்காது. அங்கே நேரத்தைப் பிரித்தார்கள். இன்றைய போர்ச்சுகலில் இருந்த விபாஸ்கா என்ற சுரங்க ஊரின் விதிகள் வெண்கலத் தகட்டில் கிடைத்திருக்கின்றன. காலையிலிருந்து மதியம்வரை பெண்கள், மதியத்துக்குப் பிறகு இரவுவரை ஆண்கள். ஆணுக்கு அரை ஆஸ் காசு, பெண்ணுக்கு ஒரு ஆஸ். ஏன் இரட்டிப்பு என்று தகடு சொல்லவில்லை!

சுத்தம்? படங்களில் தெரியும் அளவுக்கு இல்லை. பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸே குளியல் என்றதும் எண்ணெய், வியர்வை, அழுக்கு, பிசுபிசுத்த தண்ணீர் என்று பட்டியல் போட்டார். சத்தம் வேறு. மண்டபத்துக்கு மேலே குடியிருந்த தத்துவஞானி செனக்கா எழுதிய கடிதத்தில், எடை தூக்குபவர்களின் முனகல், தொட்டியில் குதிப்பவர்கள் எழுப்பும் ஓசை, அக்குள் முடி பிடுங்குபவன் கூவி ஆள் பிடிப்பது, ஆள் கிடைத்ததும் அந்த ஆள் கத்துவது, பண்டம் விற்பவர்களின் கூப்பாடு என்று எல்லாமே இருக்கிறது.

கழிப்பறை?

பொதுக் கழிப்பறையில் வரிசையாகக் கல் இருக்கைகள். நடுவே தடுப்பு கிடையாது. கீழே தண்ணீர் ஓடும். ஓஸ்தியாவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உட்காரக்கூடிய ஒன்று நன்றாகவே மிஞ்சியிருக்கிறது. குச்சியில் கட்டிய கடற்பஞ்சுதான் சுத்தம் செய்ய என்பது பரவலாகச் சொல்லப்படுவது.

வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் சமையலறையிலேயே, அடுப்புக்குப் பக்கத்தில். குழி நிறைந்தால் அள்ளி வயலுக்கு உரமாகப் போடுவார்கள். பொம்பேய்க்குப் பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் ஒரு குடியிருப்பு வரிசைக்குக் கீழே கழிவு தேங்கிய நீண்ட சுரங்கம் அப்படியே கிடைத்தது. அதைச் சலித்தபோது அத்திப்பழ விதை, மீன்முள், கடல் முள்ளெலியின் முள் எல்லாம் வந்தன. கடைக்கு மேலே குடியிருந்த சாதாரண மக்கள் பலவிதமாகச் சாப்பிட்டார்கள் என்று தெரிந்தது அந்தக் கழிவிலிருந்துதான்.

வீடுகள் எப்படி இருந்தன?

வசதியான வீடு தெருவைப் பார்த்துச் சுவராகத்தான் நிற்கும், ஜன்னல் அபூர்வம். குறுகிய நடை வழியே உள்ளே போனால் ஏட்ரியம் என்ற முன்கூடம். கூரையின் நடுவே திறப்பு, அதற்கு நேர்கீழே மழைநீர் விழும் ஆழம் குறைந்த தொட்டி, தொட்டியிலிருந்து நிலத்தடிச் சேமிப்புக்கு வழி. செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கூடத்துக்கு அப்பால் வீட்டுக்காரர் வந்தவர்களைச் சந்திக்கும் அறை, அதற்கும் பின்னால் தூண்கள் சூழ்ந்த தோட்டம்.

பொம்பேயிலேயே பெரிய வீடுகளில் ஒன்றான 'ஃபாவுன் வீடு' ஏறத்தாழ 3,000 சதுர மீட்டர். ஒரு முழு மனைத்தொகுதியே அதுதான். அலெக்சாண்டரும் டேரியஸும் மோதும் புகழ்பெற்ற மொசைக் தரை 1831-இல் அங்கே கிடைத்தது. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டின் வாசலுக்கு இருபுறமும் கடைகள் இருக்கும். வீட்டுக்காரர் வாடகைக்கு விட்டவை, அல்லது தன் அடிமைகளை வைத்து நடத்தியவை. கடைக்குப் பின்னாலோ மேலே பரணிலோதான் கடைக்காரர் குடும்பம். பணக்காரர் பகுதி, ஏழைகள் பகுதி என்று ஊர் பிரியவில்லை; ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு வாழ்க்கை. அடிமைகள் எங்கே படுத்தார்கள் என்றால், பெரும்பாலும் இருட்டு மூலைகளில், படிக்கட்டுக்கு அடியில், வாசற்படி ஓரத்தில்.

அடுக்குமாடிகள் இருந்தன என்பது உண்மையா?

உண்மை. ரோமிலும் ஓஸ்தியாவிலும் பெரும்பாலான மக்கள் அடுக்குமாடிகளில்தான் வாழ்ந்தார்கள். ஓஸ்தியாவில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடங்கள் இன்றும் இரண்டாவது தளம்வரை நிற்கின்றன. கீழே கடைகள், மேலே வாடகைக் குடித்தனங்கள். மேலே போகப் போக அறை சிறியது, வாடகை குறைவு, தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

ரோமில் கட்டடங்கள் இடிந்து விழுவது சாதாரணம். அகஸ்டஸ் 70 அடிக்கு மேல் கட்டக் கூடாது என்றார். டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார். அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தன் இரண்டு கடைகள் இடிந்துவிட்டன, மற்றவற்றில் விரிசல், குடியிருந்தவர்கள் மட்டுமல்ல எலிகள்கூடக் காலி செய்துவிட்டன என்று வேடிக்கையாகச் சொல்கிறார். வாடகை வாங்கியவருக்கு அது வேடிக்கை.

கி.பி. 64-இல் ரோம் பற்றி எரிந்த பிறகு நீரோ அகலமான தெருக்கள், பொதுச்சுவர் இல்லாத வீடுகள், முன்பக்கத் தாழ்வாரம் என்று விதிகள் கொண்டுவந்தார். தீயணைக்கும் படையை அதற்கு முன்பே, கி.பி. 6-இல், அகஸ்டஸ் அமைத்திருந்தார்.

வீட்டில் சமைத்தார்களா, கடையில் சாப்பிட்டார்களா?

சமையலறை இருந்தவர்கள் சமைத்தார்கள். மாடி அறையில் அடுப்பு எரிக்க முடியாதவர்களுக்குத் தெருக்கடைதான். எல் வடிவக் கல்மேடையில் பெரிய மண் ஜாடிகள் பதித்த கடைகளைப் பொம்பேயில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். 2020-இல் முழுமையாக வெளிப்பட்ட ஒன்றில் மேடையின் முகப்பில் சேவல், வாத்துப் படங்கள் நிறம் மாறாமல் இருந்தன. ஜாடிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை இவற்றின் எச்சங்கள் கிடைத்தன.

ரொட்டிக்கடைகள் முப்பதுக்கும் மேல். எரிமலைக் கல்லால் செய்த ஆளுயரத் திருகைகளைக் கழுதைகள் சுற்றும். ஒரு ரொட்டிக்கடையின் அடுப்பில் 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே இருந்தன. வட்டமானவை, எட்டுத் துண்டாகப் பிய்க்கக் கோடு போட்டவை.

ஆம்ஃபிதியேட்டருக்கும் தியேட்டருக்கும் என்ன வித்தியாசம்?

தியேட்டர் அரைவட்டம், நாடகத்துக்கு. ஆம்ஃபிதியேட்டர் முழு நீள்வட்டம். வாள்வீரர் சண்டைக்கும் விலங்கு வேட்டைக்கும். கல்லால் கட்டியவற்றில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது பொம்பேயில் இருப்பதுதான், சுமார் கி.மு. 70. அதாவது கொலோசியத்துக்கு 150 ஆண்டுகள் மூத்தது. ஏறத்தாழ 20,000 பேர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையையே அதில் பாதி அளவாகத்தான் மதிப்பிடுகிறார்கள். அக்கம்பக்க ஊர்களிலிருந்தும் கூட்டம் வரும். அதனால்தான் ஊரின் கிழக்குக் கோடியில், வாசல்களுக்குப் பக்கத்தில் கட்டினார்கள்.

வெளியூர்க்காரர்கள் வந்தால் வம்பும் வரும். கி.பி. 59-இல் பக்கத்து ஊர் நுகேரியா ரசிகர்களுக்கும் பொம்பேய்க்காரர்களுக்கும் வாய்ச்சண்டை கல்வீச்சாகி, கத்திக்குத்தில் முடிந்து பலர் செத்தார்கள். ரோம் செனட் பத்தாண்டுகளுக்கு அங்கே போட்டிகளுக்குத் தடை போட்டது. அந்தக் கலவரத்தை ஒருவர் தன் வீட்டுச் சுவரில் ஓவியமாக வரைய வைத்திருந்தார் என்பதுதான் ஆச்சரியம்.

ஊரை யார் நிர்வகித்தார்கள்?

ஆண்டுதோறும் தேர்தல். மேல்மட்டத்தில் டுவோவிரி என்று இரண்டு பேர். தெரு, சந்தை, கட்டடம் பார்க்க ஈடைல் என்று இரண்டு பேர். இவர்களுக்கு மேலே பணக்காரர்கள் கொண்ட ஊர் மன்றம். பதவிக்குச் சம்பளம் இல்லை. மாறாக, வந்தவர் தன் பணத்தில் விளையாட்டு நடத்தவோ கட்டடம் கட்டவோ வேண்டும். ஊரின் கோயில், குளியல் மண்டபம், தியேட்டர் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பெயர் வெட்டியிருப்பது அதனால்தான்.

பொம்பேய்ச் சுவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்தல் வாசகங்கள் கிடைத்துள்ளன. பழ வியாபாரிகள் இன்னாரை ஆதரிக்கிறார்கள், பொற்கொல்லர்கள் இன்னாரை ஆதரிக்கிறார்கள் என்ற வகை. வாட்டியா என்பவரை ஈடைலாக்க வேண்டுமென்று சின்னத் திருடர்களும், இரவில் நேரங்கழித்துக் குடிப்பவர்களும் கேட்டுக்கொள்வதாகச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் யார் கட்சி என்று ஊகித்துக்கொள்ளலாம்.

விடுதலை பெற்ற அடிமைகள் பதவிக்கு வர முடியாது; அவர்கள் பிள்ளைகள் வரலாம். நிலநடுக்கத்தில் இடிந்த, எகிப்தியப் பெண் தெய்வமான ஐசிஸின் கோயிலை மீண்டும் கட்டியவர் என்று கல்வெட்டு சொல்வது நுமேரியஸ் போப்பிடியஸ் கெல்சினஸ் என்பவரை. நன்றிக்கடனாக மன்றம் அவரைக் கட்டணமில்லாமல் உறுப்பினராக்கியது. அப்போது அவருக்கு வயது ஆறு. பணம் கொடுத்தவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அப்பா என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கல்லறைகள் ஏன் சாலையோரத்தில் இருக்கின்றன?

ஊருக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே இருக்கிறது. எனவே வாசலைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் கல்லறைகள். வருகிறவர் போகிறவர் கண்ணில் பட வேண்டுமென்று பணக்காரர்கள் போட்டி போட்டுக் கட்டினார்கள். மாமியா என்ற பெண் பூசாரியின் கல்லறை அரைவட்டக் கல் இருக்கை. வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாறலாம்.

மதில் எல்லா ஊருக்கும் உண்டா?

இல்லை. பொம்பேய்க்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் மதிலும் ஏழு வாசல்களும் இருந்தன. ஆனால் பேரரசுக் கால அமைதியில் மதிலுக்கு வேலையில்லாமல் போனது. தென்மேற்குப் பக்கத்தில் மதிலின் மேலேயே கடலைப் பார்த்த மாதிரி மாளிகை கட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நூற்றாண்டில் படையெடுப்புகள் தொடங்கியதும் கதை மாறியது. இன்றைய பிரான்சை உள்ளடக்கிய 'கால்' (Gaul) பகுதியின் ஊர்கள் பல, கல்லறைக் கற்களையும் கோயில் தூண்களையும் பிடுங்கி அவசரமாக மதில் எழுப்பின. ரோமே கி.பி. 271-இல்தான் சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்குப் புது மதில் கட்டத் தொடங்கியது.

அரிக்கமேடு ரோமானிய ஊரா?

இல்லை. அது நம்முடைய துறைமுக ஊர். ரோமானிய உலகத்தோடு வியாபாரம் செய்தது. புதுச்சேரிக்கு அருகே 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய அர்ரெட்டைன் மட்பாண்டமும், மது வந்த ஆம்ஃபோரா ஜாடிகளும் கிடைத்தன. ஃபோரமோ, குரோமா வைத்து அளந்த தெருவோ இல்லை.

சரக்கு போன தடயம் அந்தப் பக்கமும் இருக்கிறது. ரோமில் பேரரசர் டொமிஷியன் மிளகுக்கென்றே ஒரு கிடங்கு கட்டினார், ஃபோரத்துக்குப் பக்கத்திலேயே. பிற்காலத்தில் அதன்மேல்தான் பேரரசர் மக்சென்டியஸின் பிரம்மாண்டமான பசிலிக்கா எழுந்தது. பொம்பேயில் 1938-இல் ஒரு வீட்டில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை இன்னொரு தடயம். முதலில் லட்சுமி என்றார்கள். யட்சி என்று கருதுபவர்கள் இப்போது அதிகம்.

இன்று எங்கே போய்ப் பார்ப்பது?

பொம்பேய்க்கு எல்லோரும் போகிறார்கள். ஒரு நாள் போதாது, வெயிலில் நிழலும் கிடைக்காது. அதன் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை. மாடியும் மரச்சாமானும் மிஞ்சிய வீடுகளைப் பார்க்க ஹெர்குலேனியம் நல்லது. சின்ன ஊர், அரை நாளில் முடிக்கலாம்.

உயிரோடு இருக்கும் ஊர்களிலும் பழைய கோடுகள் தெரியும். டுரினின் மையத்தில் தெருக்கள் இன்றும் ரோமானியக் கட்டங்களில்தான் ஓடுகின்றன. லூக்காவில் ஆம்ஃபிதியேட்டரின் நீள்வட்டத்தைச் சுற்றி வீடுகள் எழும்பி, நடுப்பகுதி சந்தை வெளியாகிவிட்டது. இங்கிலாந்தின் லிங்கனில் ரோமானிய வாசலுக்குக் கீழே இன்றும் போக்குவரத்து நடக்கிறது.

ரோமுக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஓஸ்தியா. நகரிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம்தான். கூட்டம் குறைவு, பைன் மர நிழல் உண்டு. தண்ணீர் பாட்டிலும் தேயாத செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.